விறைத்த கால்களும் உப்பில்லாக் கஞ்சியும்

எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. பெரிய ஆஸ்பத்திரியின் நரம்புப் பிரிவில் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் இருப்பவர்கள் என்ன நோய், எப்படி வந்தது, என்ன மருந்து என்றெல்லாம் கேட்பார்கள். நான் தலையை ஆட்டிவிட்டுச் சுவரைப் பார்ப்பேன். போன தடவை ஒரு பெண், கணவனைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தவர், என் மனைவி பழனியம்மாளிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "இதுக்குக் கஞ்சா குடுத்தா கால் இளகுமாமே, நெசமாங்க? நீங்க மலைக்காரங்கதானே, உங்க பக்கம் கெடைக்குமுங்களா?"

பழனியம்மாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போவதுபோல் எழுந்து போனாள். நானும் சுவரைப் பார்த்துக்கொண்டேன். பஸ்ஸில் மலை ஏறி வரும் வழியெல்லாம் அந்தப் பெண்ணின் நினைவுதான். அவருக்குச் சொல்ல எங்களிடம் விஷயம் இருந்தது. சொல்லாமல் வந்துவிட்டோம். வாயால் சொல்ல வராததை எழுதியாவது வைக்கலாம் என்று இதை எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். மருத்துவம் தெரியாது. எனக்கு நடந்தது மட்டும் தெரியும்.

கொல்லிமலையில் திருப்புலி நாட்டுப் பக்கம் எங்கள் ஊர். கொஞ்சம் மிளகு, கொஞ்சம் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி. மிளகுக் காலத்தில் மற்றவர் தோட்டங்களுக்கும் பறிக்கப் போவேன். சில்வர் ஓக் மரத்தில் கொடி உச்சிவரை படர்ந்திருக்கும். மூங்கில் ஏணியைச் சாத்தி ஏறி, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, ஒரு கையால் மரத்தைப் பிடித்து மறு கையால் சரம் சரமாக உருவ வேண்டும். உடம்பின் பாரம் முழுக்க முன்பாதத்தில்தான் நிற்கும்.

ஒருநாள் அப்படி நின்றுகொண்டிருந்தபோது வலது கால் தானாக ஆடத் தொடங்கியது. குதிகால் மேலும் கீழும் அடித்துக்கொண்டது. நான் ஆட்டவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. ஏணியே கிடுகிடுத்தது. கீழே நின்ற தோட்டக்காரர், "ஏப்பா, இத்தன வருசங்கழிச்சு இப்பத்தான் பயம் வருதா?" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். இறங்கி முழுப் பாதத்தையும் தரையில் ஊன்றியதும் நின்றுவிட்டது.

அதற்கு முன்பே ஒரு கண் புகைக்குள் பார்ப்பதுபோல் மங்கி, சில வாரத்தில் தானாகத் தெளிந்திருந்தது. மிளகுத் தூசி என்று நினைத்து விட்டுவிட்டேன். இரண்டும் ஒரே நோய் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அடுத்து வந்த மழைக்காலத்தில் இரண்டு கால்களும் விறைக்கத் தொடங்கின. நடந்தால் முழங்கால் மடங்காது. செருப்பு கழன்று போனால் போனதே தெரியாது. மலையிலேயே இருக்கும் செம்மேட்டு ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் எகிறி அவர் கையிலேயே இடித்தது. உள்ளங்காலில் சாவியால் கோடு இழுத்தார். கட்டைவிரல் மேல்நோக்கிப் போனது. அதுவரை மிளகு விலையெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே பேச்சை நிறுத்திவிட்டார். எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது அப்போதுதான்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். கிணற்று உறை மாதிரி ஒரு குழாய்க்குள் படுக்க வைத்து, அசையாதே என்றார்கள். கால் துள்ளிக்கொண்டே இருந்ததால் மறுபடி மறுபடி எடுத்தார்கள். பிறகு முதுகுத் தண்டில் ஊசி செருகி நீர் எடுத்தார்கள். அதற்கு முழங்காலை வயிற்றோடு மடக்கிப் படுக்க வேண்டும். என் கால்கள் மடங்கவில்லை. பழனியம்மாள் ஒரு பக்கமும் ஆயாம்மா ஒரு பக்கமும் அழுத்திப் பிடித்தார்கள். ஊசியைவிட, கட்டின மனைவி பலம் கொண்ட மட்டும் என் காலை அழுத்த வேண்டி வந்ததே என்பதுதான் எனக்கு வலித்தது.

முடிவு வர நாளானது. அந்த நாட்களில் வராந்தாவிலேயே கிடந்தோம். கடைசியில் நரம்பு டாக்டரம்மா எங்களை உட்கார வைத்து விளக்கினார். நோயின் பெயர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். மூளையிலிருந்து கைகாலுக்குப் போகும் நரம்பின்மேல் கரண்டு ஒயருக்கு இருப்பதுபோல ஓர் உறை உண்டு. நோயை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவலே ஆள் தெரியாமல் அந்த உறையை அங்கங்கே அரித்துவிடுகிறது. அதனால் மூளை சொல்வது காலுக்குச் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. தசைக்கு விடு என்று சொல்ல ஆளில்லை, அதனால் இறுகியே நிற்கிறது. முழுக்கக் குணமாக்கும் மருந்து இல்லை, மேலும் அரிக்காமல் தடுக்கவும் இறுக்கத்தைக் குறைக்கவும் மருந்து உண்டு என்றார்.

பழனியம்மாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "மரம் ஏறலாமுங்களா?"

டாக்டரம்மா இல்லை என்று தலையாட்டினார்.

ஸ்டீராய்டு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். முகம் ஊதிக்கொண்டது. வாயெல்லாம் துரு பிடித்த தகரம்போல ஒரு ருசி. காப்பீட்டு அட்டை இருந்ததால் பெரிய செலவு தப்பியது. வெளியே எடுத்த ஸ்கேனுக்கும் தங்கின செலவுக்கும் அந்த வருட மிளகு கொடியில் இருக்கும்போதே விலை பேசி விற்றுவிட்டோம். வீட்டுக்கு அனுப்பும்போது பேக்லோஃபென் என்ற மாத்திரையைக் கொடுத்தார்கள். இறுகிய தசையைத் தளர்த்துவது அதன் வேலை. வேளை தவறாமல் போட வேண்டும், நீங்களாக நிறுத்தக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

மாத்திரையால் பகலில் கொஞ்சம் நடக்க முடிந்தது. படுத்தால்தான் கொடுமை. கண் அசரும் நேரம் பார்த்துக் கால்கள் திடீரென்று நெஞ்சை நோக்கிச் சுண்டி இழுக்கும், அப்படியே இறுகிக் கல்லாகும். பழனியம்மாள் எழுந்து முழங்காலை நீவி நீவி நேராக்குவாள். படுப்பாள். மறுபடி இழுக்கும். மாத்திரையைக் கூட்டினால் பகலெல்லாம் தலை கிறுகிறுத்து, கால் துணியாகத் துவண்டு கீழே விழுந்தேன். குறைத்தால் இறுகியது. மாதக்கணக்கில் நாங்கள் இருவரும் சேர்ந்தாற்போல் தூங்கவில்லை. பகலில் அவள் கிழங்குக் காட்டில் மண்வெட்டியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கியதாக அக்கம்பக்கத்தார் சொன்னார்கள்.

இந்த இடத்தில் என் மச்சினன் செல்வராசுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழனியம்மாளின் தம்பி. மலையிலிருந்து குச்சிக்கிழங்கு லோடு ஏற்றிச் சவ்வரிசி ஆலைகளுக்குக் கொண்டுபோகும் லாரி ஓட்டுகிறான். வாய் ஓயாது. நான் பேசாததற்கும் சேர்த்து அவனே பேசுவான். ஆஸ்பத்திரியில் இருந்தபோது லோடு இறக்கிவிட்டு வரும் வழியில் எல்லாம் லாரியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு, கைகாலில் கிழங்கு மண்ணோடு வந்து என் தலைமாட்டில் நிற்பான். "மாமா, நர்சம்மா என்னைப் பாத்து, கெழங்கு எந்த வார்டுக்குன்னு கேக்கறாங்க" என்பான். எனக்குச் சிரிப்பு வரும்.

அவன்தான் ஒருநாள் போனில் ஒரு படத்தைக் காட்டினான். ஏதோ வெளிநாட்டில் என்னைப் போலவே விறைத்துக் கிடந்த ஓர் ஆளுக்கு டாக்டரே கஞ்சாவிலிருந்து எடுத்த மருந்தை வாயில் ஸ்ப்ரேயாக அடிக்கிறார். அந்த ஆள் காலை மடக்கி நீட்டுகிறார். செல்வராசு அதைத் திரும்பத் திரும்பப் போட்டான். "பாருங்க மாமா. டாக்டரே குடுக்கறாரு. நாம குடுத்தா மட்டும் என்ன தப்பு?"

பழனியம்மாள் பயந்தாள். போலீஸில் மாட்டினால் லாரி போய்விடும், இவனும் உள்ளே போவான், இரண்டு பெண் பிள்ளைகள் வைத்திருக்கிறான் என்றாள். அவன் கேட்கவில்லை. கீழே எங்கோ, யாரிடமோ வாங்கி, சின்னப் பொட்டலமாகக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். என் கால் ஒருமுறை சுண்டி இழுப்பதை அவன் பார்த்திருக்கிறான். அதைப் பார்த்தவர்களுக்குச் சட்டமெல்லாம் அந்த நேரத்தில் பெரிதாகத் தெரியாது.

எங்கள் மலையில் பச்சிலை மருந்து குடித்தால் பத்தியம் காப்பது வழக்கம். உப்பு, புளி, எண்ணெய், கறி எதுவும் கூடாது. சாமைக் கஞ்சி மட்டும். அதோடு, ஒரு மருந்து உள்ளே இருக்கும்போது இன்னொரு மருந்தைக் கொடுத்தால் இரண்டும் ஒன்றையொன்று முறிக்கும் என்பது எங்கள் நம்பிக்கை. யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. வெயிலில் செருப்பைத் தேடுவதுபோல, தானாக வருவது. பழனியம்மாள் இலையைப் பாலில் காய்ச்சிக் கொடுத்தாள். கொடுக்கும் முன்பே கஞ்சியில் உப்பை நிறுத்தினாள். ஆஸ்பத்திரி மாத்திரைகளை ஒரு டப்பாவில் போட்டு எடுத்து வைத்தாள். மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று சொன்னது எங்கள் இருவருக்கும் நினைவிருந்தது. ஆனால் நாங்கள் நிறுத்துவதாகவே நினைக்கவில்லை. மருந்தை விட்டுவிட்டுச் சும்மா இருந்தால்தானே நிறுத்துவது. இது ஒரு மருந்துக்கு இன்னொரு மருந்து வழி விடுவது என்று இருந்தோம்.

முதல் நாள் நான் தூங்கினேன். இதை மறைத்து எழுதினால் பொய். கால் இழுக்கவில்லை. மடக்கினால் மடங்கியது. விழித்தபோது வெயில் ஏறியிருந்தது. பழனியம்மாள் என் பக்கத்தில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் தூங்கும் முகத்தைப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

அடுத்த நாள் உடம்பெல்லாம் அரித்தது. வேர்த்தது. அதற்கு மறுநாள் காய்ச்சல் கொதித்தது. கால்கள் முன்பு எப்போதும் இல்லாத அளவுக்குப் பலகையாக இறுகின. சுவரில் எறும்புகள் சாரை சாரையாக இறங்கி வருகின்றன, துடை என்று நான் கத்தினேனாம். நான் கத்தி இவர்கள் யாரும் கேட்டதில்லை. பிறகு வலிப்பு வந்தது. ஆம்புலன்சில் ஏற்றினார்கள். வளைவு வளைவாக இறங்கிய அந்த ரோடு எனக்கு நினைவில் இல்லை. இதற்குமேல் சில நாட்கள் நடந்தது எல்லாம் மற்றவர்கள் சொல்லித் தெரிந்தது.

அவசரப் பிரிவில் டாக்டர்கள் கேட்ட முதல் கேள்வி, மாத்திரை எல்லாம் ஒழுங்காகப் போட்டாரா, வேறு ஏதாவது சாப்பிட்டாரா என்பது. பழனியம்மாளுக்குப் பின்னால் செல்வராசு நின்றான். வாசலிலேயே போலீஸ் அவுட்போஸ்ட் இருந்தது. மாத்திரை போடவில்லை என்று சொன்னால் ஏன் போடவில்லை என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொன்னால் தம்பி உள்ளே போவான். "எல்லாம் ஒழுங்காத்தாங்க போட்டாரு. வேற ஒண்ணும் சாப்பிடலீங்க" என்று சொல்லிவிட்டாள்.

அதனால் அவர்கள் மூளைக்காய்ச்சல் என்று சந்தேகித்தார்கள். மறுபடி ஸ்கேன். மறுபடி முதுகில் நீர். கிருமிக்கு மருந்து ஏற்றினார்கள், வலிப்புக்கு ஊசி போட்டார்கள். காய்ச்சல் இறங்கவில்லை, இறுக்கம் விடவில்லை. நான் கையை உதறிக் குழாயைப் பிடுங்கியதால் கையைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். இப்படியே போனால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்று டாக்டர் சொன்னதைப் பழனியம்மாள் கேட்டுக்கொண்டு நின்றாள். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் தம்பி. அந்த நாட்களைப் பற்றி இன்றும் அவளிடம் நான் கேட்பதில்லை.

கொஞ்சம் நினைவு வந்து விழுங்க முடிந்தபோது கஞ்சி கொடுக்கச் சொன்னார்கள். பச்சிலை நின்ற பிறகும் சில நாள் மறுபத்தியம் உண்டு. அதை முறித்தால் ஆளுக்கே ஆபத்து என்று எங்களுக்குப் பயம். அவ்வளவு நடந்த பிறகும் பழனியம்மாள் உப்பில்லாத கஞ்சியைத்தான் ஊட்டினாள். வார்டில் ஷகிலா என்று ஒரு சிஸ்டர் இருந்தார். மலையடிவாரத்து ஊர்க்காரர். அவருடைய அப்பா மலைச் சந்தைகளுக்குத் துணி கொண்டுவந்து விற்றவராம். உப்பு போட்டுக் கொடுங்கள், உடம்பில் உப்பு குறைந்திருக்கிறது என்று அவர் இரண்டு முறை சொன்னார். பழனியம்மாள் தலையை ஆட்டினாள், போடவில்லை. மூன்றாவது தடவை சிஸ்டர் கிண்ணத்தைக் கையில் வாங்கி, ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப்போட்டு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏனுங்கக்கா, பத்தியம் இருக்காரா?"

பழனியம்மாள் கஞ்சிக் கரண்டியைப் பார்த்தாள்.

"எதுக்குப் பத்தியம்? என்ன மருந்து குடுத்தீங்க? பத்தியம்னா ஆஸ்பத்திரி மாத்திரைய எடுத்து வெச்சிருப்பீங்களே?"

அவளுக்கு அழுகைதான் வந்தது. நான் கட்டிலில் கிடந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். விஷயம் எனக்கும் தெரியும். ஆனால் நாக்கு புரளவில்லை, சொல்லலாமா என்றும் தெரியவில்லை. அப்போது வாசல் பக்கம் நின்ற செல்வராசு உள்ளே வந்தான்.

"அக்காளக் கேக்காதீங்க சிஸ்டர். நாந்தான் கஞ்சா எலை வாங்கியாந்து குடுத்தேன். எங்கக்காளுக்கும் மாமாவுக்கும் ஒண்ணும் தெரியாது. என்னைய எங்க வரச் சொல்றீங்களோ வாரேன்."

லாரிச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தான். யாரும் கேட்காமலே.

சிஸ்டர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். ஓடிப்போய் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தார். டாக்டரம்மா அவனிடம் எத்தனை நாள், எவ்வளவு என்று கேட்டுவிட்டு, "மாத்திரை கடைசியா எப்பப் போட்டாரு?" என்று மட்டும் மூன்று தடவை கேட்டார். பேக்லோஃபென் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அடக்கி வைத்திருந்த இறுக்கம் பல மடங்காகத் திரும்பி வரும், காய்ச்சல், அரிப்பு, இல்லாததைக் காண்பது, வலிப்பு எல்லாம் வரும், உயிரே போகலாம் என்று விளக்கினார். அன்றே மாத்திரையைத் திரும்பத் தொடங்கினார்கள். அடுத்தடுத்த நாட்களில் காய்ச்சல் இறங்கியது. கையின் கட்டை அவிழ்த்தார்கள். பழனியம்மாள் கஞ்சியில் உப்புப் போட்டாள். அந்த முதல் வாயை நான் விழுங்கும்வரை அவள் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செல்வராசுவை டாக்டரம்மா தனியே கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தார். "நான் டாக்டர், போலீஸ் இல்ல. இவருக்கு என்ன உள்ள போச்சுன்னு எனக்குத் தெரியணும், அவ்வளவுதான். ஆனா ரோட்டுல உன்னப் புடிச்சா நான் வந்து நிக்க முடியாது. இனிமே தொடாத." மிச்சத்தை அன்றே சாக்கடையில் கரைத்துவிட்டதாக அவன் சொன்னான். நாங்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு அவன் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் நாளில் நான் ஒரு கேள்வி கேட்டேன். என் வாழ்க்கையில் எந்த டாக்டரையும் நானாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான். "அன்னைக்கு நான் தூங்குனேனுங்க. அது நெசமுங்களா, இல்ல அதும் எறும்பு மாதிரியாங்க?"

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பதில் சொன்னார். நிசமாக இருக்கலாம் என்றார். சில நாடுகளில் அந்தச் செடியின் சாற்றை அளந்து எடுத்து, வாயில் அடிக்கும் மருந்தாகக் கொடுக்கிறார்கள். எம்.எஸ். நோயில் மற்ற மாத்திரைகளுக்கு இறுக்கம் போதிய அளவு குறையாதவர்களுக்கு மட்டும். அந்த மாத்திரைகளை விட்டுவிட்டு அல்ல, அவற்றோடு சேர்த்து. சிலருக்குக் கேட்கும், பலருக்குக் கேட்காது. நோயைக் குணமாக்காது. தலை சுற்றும், மந்தமாகும், சிலருக்கு மனம் பேதலிக்கும். அந்த மருந்து இங்கே நம் கடைகளில் கிடைப்பதில்லை. வெளியில் பொட்டலத்தில் வாங்குவதில் எவ்வளவு வீரியம், என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, வாங்கினாலே குற்றம். இலையிலிருந்து உரிமத்தோடு தயாரிக்கும் ஆயுர்வேத மருந்து டாக்டர் சீட்டுக்குக் கிடைக்கிறது, ஆனால் அதற்கு ஆராய்ச்சி குறைவு, நான் உறுதி தர மாட்டேன் என்றார். உடம்பு தேறட்டும், ஆயுர்வேத டாக்டர் ஒருவரிடம் நானே பேசிவிட்டு அனுப்புகிறேன் என்றார்.

அப்படியே செய்தார். இப்போது பேக்லோஃபெனோடு சேர்த்து, அளந்த சொட்டுகளாக அந்த ஆயுர்வேத எண்ணெய் மருந்து. இரண்டு டாக்டர்களுக்கும் தெரிந்துதான். வாய் உலர்கிறது. சில காலைகளில் தலை பஞ்சாக இருக்கிறது. விலை அதிகம், மாதா மாதம் யோசித்துத்தான் வாங்குகிறோம். கால் இறுக்கம் கொஞ்சம் விடுகிறது. அந்த முதல் நாள் போன்ற தூக்கம் மறுபடி வரவில்லை. வரிசையில் கேட்ட அந்தப் பெண்ணுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான்: பொட்டலம் தேடாதீர்கள், டாக்டரிடமே கேளுங்கள். எது கொடுத்தாலும் பழைய மாத்திரையை நிறுத்தாதீர்கள். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டால் மறைக்காதீர்கள்.

செல்வராசு மட்டும் வரவே இல்லை. பழனியம்மாள் போன் செய்தால் லோடில் இருக்கிறேன் என்று வைத்துவிடுவான். மாமாவைக் கொல்லப் பார்த்தவன் நான் என்று தன் பெண்டாட்டியிடம் சொன்னானாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீப் பிடித்து, ஊன்றி நடக்கும் வாக்கரை ஏற்றிக்கொண்டு நானே அவன் வீட்டுக்குப் போனேன். லாரித் தார்ப்பாயை விரித்துப் போட்டுக் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான், ஆனால் கிட்டே வரவில்லை.

"மாப்ள, எனக்குக் கேடு வந்தது மாத்திரைய நிறுத்துனதால. எலையால இல்ல. டாக்டரம்மாவே சொன்னாங்க" என்றேன்.

"வாங்கியாந்தது நாந்தானுங்களே மாமா."

"அந்த மொத நாளு நானும் உங்கக்காளும் தூங்கினோம். அதுவும் நீ வாங்கியாந்ததுதான்."

அவன் ஊசியைத் தார்ப்பாயில் குத்தி வைத்தான். "இதச் சொல்லவா இத்தன தூரம் வந்தீங்க? போன்ல சொன்னா ஆகாதா?"

"போன்ல எனக்குப் பேச வராதே."

கொஞ்சம் சிரித்தான். முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான். பிறகு, "இப்பக் குடுக்கற சொட்டு கேக்குதுங்களா?" என்றான்.

"கொஞ்சம்."

"எவ்வளவு கொஞ்சம்?"

"பாதி ராத்திரி தூங்கறேன்."

"மீதி?"

"உங்கக்கா காலைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா."

அவன் ஊசியைத் தார்ப்பாயிலிருந்து உருவினான். தார்ப்பாயைச் சுருட்டி ஓரமாக வைத்தான். அன்று சாயங்காலம் லாரியை எங்கள் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து, அக்காளை உள்ளறைக்குப் போகச் சொல்லிவிட்டு, என் கால்மாட்டில் பாயைப் போட்டுக்கொண்டான். இப்போது லோடு இல்லாத நாட்களில் எல்லாம் அவன் முறைதான். கால் இழுத்தால் அவனே மடக்கி நீட்டுகிறான், ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கிறான். பழனியம்மாள் கதவைச் சாத்திக்கொண்டு விடியும்வரை தூங்குகிறாள்.